ஒன்றரை ஷிப்டும் ஒரு ஸ்ப்ளின்டும்: தாடை மூட்டு வலி பற்றிய நிகழ்வு ஆய்வு

வலது காது வலிக்கிறது என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனார். காதில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் செய்துகொண்டார். வலி அப்படியே இருந்தது. ஞானப்பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டுக்கொண்டு பல் மருத்துவரான என்னிடம் அந்தப் பெண் வந்தபோது மே மாதம். வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறார்.

அவருடைய ஒப்புதலோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஸ்ப்ளின்ட், அதாவது பற்களின் மேல் கழற்றி மாட்டும் தகடு, கொடுத்து வலியைப் போக்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக அல்ல. ஸ்ப்ளின்ட் மாட்டியபின் பாதி வலிதான் குறைந்தது. மீதிப் பாதிக்கான காரணம் முதல் நாளே என் கையெழுத்தில் கேஸ் ஷீட்டில் இருந்தது. அதை நான் சரியாகப் படிக்க ஆறு வாரம் ஆனது.

கரும்பில் தொடங்கியது

வலி தொடங்கிய நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மாட்டுப் பொங்கலன்று கரும்பைக் கடித்து இழுத்தபோது வலது காதுக்கு முன்னால் சுரீரென்றிருக்கிறது. வாய் சில நொடிகள் மூட வரவில்லை. கன்னத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டியதும் மூடிவிட்டது. மறுநாளிலிருந்து பரோட்டா மெல்ல முடியவில்லை, கொட்டாவி விடவே பயம். காலையில் எழுந்தால் தாடை கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும், இரண்டு நெற்றிப்பொட்டும் வலிக்கும். குளித்து, டீ குடித்து, வேலைக்குக் கிளம்பும்போது கொஞ்சம் தணியும். சாயங்காலம் மறுபடி ஏறும். பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். காலையில் ஏழு, சாயங்காலம் ஆறு என்றார். இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைத்தது நான் செய்த ஒரு நல்ல காரியம்.

"கல்யாணத்துக்கு முந்தியே வாயைத் தொறந்தா டக்குன்னு ஒரு சத்தம் வருமுங்க சார். அப்பெல்லாம் வலிச்சதில்லீங்க."

ரூட் கேனல் செய்தவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்தப் பல்லில் பெரிய பழைய அடைப்பு இருந்தது, இவரும் விரலை வைத்து அந்தப் பல்லையேதான் காட்டியிருக்கிறார். கன்னத்தில் இருக்கும் மாசிட்டர் என்ற மெல்லும் தசையின் வலி கீழ்க் கடைவாய்ப் பல்லிலும் காதிலும் போய்த் தெரியும். நோயாளி பொய் சொல்வதில்லை, மூளைதான் விலாசத்தை மாற்றிப் போடுகிறது. பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்திருந்தால் ஒரு துப்பு கிடைத்திருக்கும். பல் முழுக்க மரத்த பிறகும் வலி அங்கேயே நின்றால் அது அந்தப் பல்லின் வலி அல்ல. தொழிலில் புதிதாக இருந்தபோது நானும் இப்படி ஒரு பல்லைத் திறந்துவிட்டு விழித்தவன்தான்.

சோதனை

வாய் சரியாகத் திறக்கவில்லை என்று யார் வந்தாலும் நம் ஊரில் முதலில் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். பாக்கு, குட்கா போடுகிறவர்களுக்கு அங்கே நார்நாராக இறுகி வாய் திறப்பு குறையும். அது வேறு நோய், புற்றாக மாறக்கூடியது, அதற்கு ஸ்ப்ளின்ட் கொடுத்துக்கொண்டிருந்தால் பாவம். இவருக்குப் பாக்குப் பழக்கம் இல்லை, கன்னம் மென்மையாக இருந்தது. முகத்தில் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு வலி, மரத்துப்போதல், வீக்கம், எடை குறைதல், நடக்கும்போதோ படி ஏறும்போதோ மட்டும் வரும் தாடை வலி என்று எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்னது இதயத்திலிருந்து வரலாம் என்பதால் வயதானவர்களிடம் அதைக் கேட்காமல் விடுவதில்லை.

வலியில்லாமல் 31 மி.மீ. திறந்தார். வலியைப் பொறுத்துக்கொண்டு 38. சாதாரணமாக 40-க்கு மேல் இருக்க வேண்டும். ஸ்கேல் இல்லாவிட்டால் தன் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட 18 மி.மீ. திறக்கும்போது வலது மூட்டில் டக்கென்ற சத்தம், மூடும்போது இன்னொன்று, சன்னமாக. கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டு திறந்து மூடச் சொன்னால் சத்தம் இல்லை.

இது என்ன சத்தம்? தாடை மூட்டு கதவுக் கீல் மாதிரி சுழல மட்டும் செய்வதில்லை. வாய் கொஞ்சம் திறந்ததும் கீழ்த்தாடையின் குமிழ் குழியிலிருந்து முன்னோக்கி வழுக்கியும் போகிறது. குமிழுக்கும் குழிக்கும் நடுவே குருத்தெலும்பு மாதிரியான ஒரு சிறு வட்டு உண்டு. அது முன்பக்கம் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் தாண்டிப்போய் அதன்மேல் ஏறிக்கொள்ளும். காலை விட்டு நழுவிய செருப்பை நடந்துகொண்டே மாட்டிக்கொள்வது போல. ஏறும்போது டக். மூடும்போது மறுபடி நழுவும். தொல்லை இல்லாமல் இந்தச் சத்தத்தோடேயே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். வட்டு ஏறாமலே நின்றுவிட்டால் சத்தம் போய்விடும், வாயும் திறக்காது. சத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாத இடம் அது.

அப்புறம் விரல் சோதனை. மாசிட்டரையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும், மூட்டின் மேல் அரைக் கிலோ போதும். சமையலறைத் தராசில் விரலை அழுத்திப் பழகிக்கொண்டால் கை தானாகவே அளவு சொல்லும். வலது மாசிட்டரை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரூட் கேனல் செய்த பல்லைத் தொட்டார்.

"இதேதானுங்க. இந்த வலிக்குத்தானுங்க அத்தனை ஊசி போட்டுட்டேன்."

அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். நோயாளி தினமும் அனுபவிக்கும் அதே வலி கிளம்புகிறதா என்பதுதான் கேள்வி. 2014-ல் வெளியான டிசி/டிஎம்டி என்ற சர்வதேச நோயறிதல் வரையறை இதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. அதன்படி இவருக்கு வேறிடத்துக்குப் பரவும் தசை வலி, வலது மூட்டு வலி, ஏறி இறங்கும் வட்டு நழுவல், தாடையைச் சார்ந்த தலைவலி, நான்கும் இருந்தன. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் இரண்டு குமிழ்களும் வடிவாக இருந்தன. எக்ஸ்ரேயில் வட்டு தெரியாது, அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். எடுக்கச் சொல்லவில்லை. முடிவு எதுவாக வந்தாலும் நான் செய்யப்போகும் சிகிச்சை மாறாது என்றால் அவருடைய பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?

இவற்றோடு கேஸ் ஷீட்டில் இன்னும் இரண்டு வரி எழுதினேன். ஒன்று, கடைவாய்ப் பற்களில் தேய்மானம், இரவில் நறநறவென்று பல் கடிக்கும் சத்தம் கேட்பதாகக் கணவர் சொல்கிறார். இன்னொன்று, மேல் முன்பற்கள் இரண்டின் விளிம்பிலும் பொடிப்பொடி வெட்டுகள். முதல் வரியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவதை எழுதிவிட்டு அடுத்த பக்கம் திருப்பிவிட்டேன்.

தகடு செய்தது

இந்த வலிக்கும் பற்களின் கடிக்கும் முடிச்சுப் போட்டது பழைய கதை. 1934-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை மேலேறி மூட்டை அழுத்துவதால்தான் காது வலியும் தலைவலியும் வருகின்றன என்று எழுதினார். அந்த உடற்கூறு விளக்கம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் கடியைச் சரிசெய்தால் வலி போகும் என்ற எண்ணம் மட்டும் பல் மருத்துவத்தை விட்டுப் போகவே இல்லை. வலிக்காக எத்தனையோ நல்ல பற்களை ராவியிருக்கிறார்கள். ராவிய பல் திரும்பி வளராது. ஸ்ப்ளின்ட் எனக்குப் பிடிப்பதற்கு முதல் காரணமே இதுதான்: வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம்.

வாயில் மாட்டுவது எதுவானாலும் நம் நோயாளிகளுக்குக் 'கிளிப்'. இவரும் கடைசி வரை அப்படித்தான் சொன்னார். நான் தேர்ந்தெடுத்தது மேல் பற்கள் எல்லாவற்றையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் தகடு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராம்ஃபியோர்டும் ஆஷும் பரப்பிய மாதிரி என்பதால் மிச்சிகன் ஸ்ப்ளின்ட் என்று பெயர். வாயை மூடினால் கீழ்ப் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் தகட்டைத் தொட வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல் மட்டும் தகட்டில் உரசி, மற்றவை விலக வேண்டும். முன்பற்களை மட்டும் மூடும் சின்னத் தகடுகளும் உண்டு. செய்வது சுலபம், மாட்டுவதும் சுலபம். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் மூடாத கடைவாய்ப் பற்கள் இடம் மாறி, முன்பற்கள் சேராமலே போய்விடும் ஆபத்து இருக்கிறது, தூக்கத்தில் விழுங்கிவிடும் பயமும் கூட. வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்துக்கொள்ளும் ரப்பர் தகடுகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. அதைச் சூயிங்கம் மாதிரி இரவெல்லாம் மென்றுவிட்டு, காலையில் கூடுதல் வலியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆல்ஜினேட் என்ற அச்செடுக்கும் பசையில் அளவெடுத்து, கல்மாவில் மாதிரி வார்த்து, மெழுகில் கடிப்பதிவு எடுத்து லேபுக்கு அனுப்பினேன். கடைவாய்ப் பக்கம் இரண்டு மி.மீ. கனம். லேபிலிருந்து வரும்போது தகடு பளபளவென்று அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது பாதி வேலைதான். மீதி நாற்காலியில். கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்வது, அழுத்தமாக விழுந்த புள்ளியைப் பர் என்ற சுழலும் கருவிமுனையால் தேய்ப்பது, மறுபடி கடிக்கச் சொல்வது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் தேய்த்தேன். வலது பக்கம் மூன்று புள்ளி, இடது பக்கம் ஒன்று என்று ஆரம்பித்து, இரண்டு பக்கமும் வரிசையாகப் புள்ளி விழும்வரை விடவில்லை. இதில் அவசரப்பட்டால் கொடுப்பது சிகிச்சை அல்ல, இன்னொரு தொந்தரவு.

தகட்டுக்கு ஆன செலவு கிட்டத்தட்ட அவருடைய ஒரு வாரச் சம்பளம். அதைச் சொல்லத்தான் வேண்டும். இரவில் மட்டும் போட வேண்டும், காலையில் மென்மையான பிரஷ்ஷால் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் வளைந்துவிடும் என்று சொன்னேன். கூடவே சில நாளுக்கு வலி மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், இரண்டு வாரத்துக்குப் பரோட்டா, முறுக்கு வேண்டாம், கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே முட்டியை முட்டுக்கொடுங்கள். இவற்றையெல்லாம் வாசல் வரை போனவரைக் கூப்பிட்டுச் சொல்லும் தொனியில் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு மூன்றானது, ஆறு ஆறாகவே நின்றது

இரண்டு வாரத்தில் முகம் தெளிந்து வந்தார். காலை வலி ஏழிலிருந்து மூன்று. நெற்றிப்பொட்டு வலி அநேகமாக இல்லை. நறநற சத்தம் இல்லாததால் கணவரும் தூங்குகிறாராம். வலியில்லாமல் 36 மி.மீ. திறந்தார். தகட்டில் அங்கங்கே பளபளப்பான தேய்மானத் தடங்கள் விழுந்திருந்தன. ஆக, பல் கடிப்பது நிற்கவில்லை, பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதுவும் லாபம்தான், ரூட் கேனல் செய்த பல்லுக்கு அப்போது கேப் கூடப் போடவில்லை. தடங்களைச் சமன்செய்து அனுப்பினேன். எனக்கு ஒரே பெருமை.

நான்காவது வாரம், காலை இரண்டு, சாயங்காலம் ஆறு. ஆறாவது வாரமும் சாயங்காலம் ஆறு. "கிளிப்பக் கம்பெனிக்கும் போட்டுட்டுப் போகட்டுங்களா சார்?" என்று அவரே கேட்டார். சரி என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கம்பெனியிலிருந்து வந்திருந்தார். ஷிப்மென்ட் நேரம், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரை மணிக்கு மேல். தலையிலெல்லாம் பஞ்சுத் தூசி. கீழ் உதட்டில் ஒரு பச்சை நூல் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்தப் பொடிப்பொடி வெட்டுகள் நினைவுக்கு வந்தன. நூலைப் பல்லால் அறுப்பவர்களுக்கு விழும் வெட்டு அது. தையல்காரர்களின் பல் பற்றிப் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான்.

"ட்ரிம்மர் தேடி எடுக்கற நேரத்துல பல்லுலயே அறுத்துப்போட்டா பீஸ் ஓடுமுங்க."

ஒரு சந்தேகம் வந்து, மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே உட்காரச் சொன்னேன். துணியைத் தள்ளுகிற மாதிரி கையை வைத்து, கழுத்து வளைவில் பட்டி வைத்துத் தைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் விரல்கள் அவருடைய இரண்டு கன்னத்திலும் இருந்தன. வளைவு வந்ததும் இரண்டு மாசிட்டரும் கல் மாதிரி புடைத்தன. தையலை முடித்ததாகச் சொல்லும்வரை இறங்கவே இல்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது.

சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் ஏற்படுவதையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம் அரை மணி கூட வராது. இவர் மெஷினில் உட்காரும் நேரம் ஒரு நாளைக்குப் பத்து மணிக்கு மேல். ஸ்ப்ளின்ட் கிண்ணத்துத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த நேரம் அது.

றன்னகரம்

பகலில் தகடு போட்டால் தகட்டையே கடித்துக்கொண்டு தைத்திருப்பார். பதிலாக இரண்டு காரியம் செய்தோம். நூல் வெட்டும் சின்ன ட்ரிம்மரைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடுவது முதல் காரியம். அது எளிது.

இன்னொன்று தாடையை ஓய்வாக வைக்கப் பழகுவது. உதடு சேர்ந்திருக்க வேண்டும், பல் சேரக் கூடாது, நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் லேசாகத் தொட்டிருக்க வேண்டும். ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு என் என்ற எழுத்தைச் சொல்லச் சொல்வார்கள். நமக்கு அதைவிடத் துல்லியமாகவே இருக்கிறது. தந்நகரம் சொன்னால் நாக்கு பல்லைத் தொடும், டண்ணகரம் சொன்னால் மடங்கி அண்ணத்துக்குப் போய்விடும். றன்னகரம்தான் சரியான இடம். "ன்" என்று சொல்லி, நாக்கை அங்கேயே நிறுத்தி, உதட்டை மூடுங்கள் என்றேன். மூன்றாம் வகுப்புப் பாடத்தை இப்படிப் பயன்படுத்தலாம் என்று அவரும் நானும் சிரித்தோம். மெஷினில் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு பண்டல் முடிந்து அடுத்ததை எடுக்கும்போதும் பொட்டைப் பார்த்தால் ஒரு "ன்".

நாக்கை அதே இடத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக வாயைத் திறந்து மூடும் பயிற்சியும், மாசிட்டரை விரலால் நீவிவிடும் முறையும் சொல்லிக்கொடுத்தேன். இந்த முறை வாசலில் நின்று அல்ல. அரை மணி நேரம், கண்ணாடி முன்னால், அவரே செய்து காட்டும்வரை.

பத்தாவது வாரம் சாயங்கால வலி இரண்டு. வலியில்லாமல் 42 மி.மீ. திறந்தார். டக் சத்தம் அதே 18-ல் அப்படியே. அதைப் பற்றி ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னதை அவர் நம்ப இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பல்லுக்குக் கேப் போட்டோம்.

ஸ்ப்ளின்டுக்கு எத்தனை மார்க்?

தீபாவளிக்குக் கம்பெனி மூடியதும் அவர் தேனிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனார். கிளிப் திருப்பூரிலேயே கிண்ணத்தில். பன்னிரண்டு நாள் தகடு இல்லாமல் தூங்கியிருக்கிறார், காலை வலி திரும்பவில்லை. அப்படியானால் தகட்டுக்கு இனி வேலை இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது, அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் தைக்கவும் இல்லை. ஒரே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு இதற்கு மேல் நூல் பிரிக்க முடியாது.

பெரிய ஆய்வுகளும் ஸ்ப்ளின்டுக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. 2020-ல் பிரிட்டனின் தேசிய சுகாதார ஆராய்ச்சி அமைப்பு வெளியிட்ட அலசல், ஐம்பதுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஸ்ப்ளின்ட் வலியைக் குறைக்கிறது என்பதற்கு நம்பகமான சான்று கிடைக்கவில்லை என்றது. சோதனைகளின் தரமே மிகக் குறைவு என்றும் சொன்னது. 2023-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் நாள்பட்ட தாடை வலிக்கு முன்வரிசையில் வைத்தவை வேறு: தாடைப் பயிற்சி, தசையை நீவிவிடும் கைச்சிகிச்சை, பழக்கத்தையும் பதற்றத்தையும் மாற்றும் மனநலச் சிகிச்சை, நோய் பற்றிய விளக்கம். கழற்றி மாட்டும் ஸ்ப்ளின்ட் பொதுவாக வேண்டாம் என்ற பக்கமே அது சாய்ந்தது. பல்லைக் கடிக்கவே முடியாதபடி அண்ணத்தை மட்டும் மூடும் போலித் தகடு கொடுத்த சோதனைகளிலும் பலர் நிஜத் தகட்டுக்காரர்கள் அளவுக்குத் தேறியிருக்கிறார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் மருத்துவரிடம் வருகிறார், அதற்குப் பிறகு எது செய்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அப்படியென்றால் ஏன் கொடுத்தேன்? தேய்ந்துகொண்டிருந்த பற்களும் கேப் இல்லாத ஒரு பல்லும் இருந்தன, தகடு அவற்றைக் காத்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. காலை வலி ஏழிலிருந்து மூன்றானதில் தகட்டுக்கும் மாத்திரைக்கும் ஒத்தடத்துக்கும் நாளுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அதே நோயாளி வந்தால் வரிசையை மாற்றுவேன். முதல் நாளே கண்ணாடி முன்னால் அரை மணி நேரம், மெஷினில் உட்காரும் நடிப்பு, றன்னகரம். தகடு அதற்கப்புறம், பல்லைக் காக்க வேண்டியிருந்தால். இதில் ஒரு சங்கடம் உண்டு. தகட்டுக்குப் பில் போட முடிகிறது, அந்த அரை மணி நேரத்துக்குப் பில் போட எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், சொல்லி வைத்தபடி வந்தார். 44 மி.மீ. காலை வலி இல்லை, ஷிப்மென்ட் வாரங்களில் மட்டும் சாயங்காலம் ஒன்றோ இரண்டோ. அந்த வாரங்களில் மட்டும் இரவில் கிளிப் போட்டுக்கொள்கிறாராம். கழுத்துக் கயிற்றில் ட்ரிம்மர் தொங்கியது. கரும்பு கடிக்கலாமா என்று கேட்டார். கத்தியால் சின்னத் துண்டாக நறுக்கி மெல்லலாம், கடித்து இழுக்க வேண்டாம் என்றேன்.

"கடிச்சுட்டனுங்களே," என்றார். "ஒண்ணும் ஆகலீங்க."